சிவப்பு அணைந்தால் முதல் தரம்

'தொம்'மென்று ஒரு சத்தம். ஆய்வுக்கூடத்தின் தரை அதிர்ந்தது. வரிசையாக நின்ற கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. வென்யின் கையிலிருந்த பிப்பெட்டிலிருந்து ஒரு சொட்டு, விழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவள் கையுறை மேல் விழுந்தது.

திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஒரு மூட்டை கிடந்தது. தையல் பிரிந்து, பழுப்பும் கறுப்புமான தானியங்கள் தரையெங்கும் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன. மூட்டைக்குப் பின்னால் ஒரு பெண்மணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஐம்பதைத் தாண்டிய வயது. தலையில் இறுக்கிக் கட்டிய துணி. மலைக்காற்று சிவக்க வைத்த கன்னங்கள். விறைத்த தாடை.

"யாருடி அது? பொட்டிக்குள்ள உக்காந்துகிட்டுப் பேசுறவ யாரு? வெளியே வரச் சொல்லு அவளை!"

"இங்கே செருப்போட வரக் கூடாதுங்க," என்றாள் வென்யின். அந்த நேரத்தில் அவளுக்கு வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அந்தப் பெண்மணியின் கண்கள் அகன்றன. "இதே குரல்! இதே குரல்தான்! அடிப்பாவி, நீதானா அது?"

பக்கத்து மேஜையில் இருந்த பாங் நிங் மெதுவாக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். வென்யினோடு ஒன்றாகச் சேர்ந்து ஒன்றாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறவள். சண்டை எங்கே நடந்தாலும் நல்ல இடம் பார்த்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது அவள் சுபாவம்.

"நீங்க யாரு? உள்ளே எப்படி வந்தீங்க?"

"ஜாய் ஃபெங்லியான். வடக்கு மலையிலேர்ந்து வர்றேன். காவலாளிகிட்ட, எம் மக இங்கே படிக்கிறான்னு சொன்னேன். உன்னை மாதிரி ஒருத்தி எனக்கு மகளா இருந்திருந்தா அடுப்புல வச்சு வறுத்திருப்பேன், அது வேற விஷயம்."

வென்யினுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. பெட்டி!

அந்தப் பெட்டி அவள் கண்டுபிடிப்பு. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் தங்க உப்பைக் கலந்து, கொஞ்சம் காரக்கரைசல் சேர்த்து, வெதுவெதுப்பாக வைத்திருந்தால் தங்க அணுக்கள் சில ஒன்றுகூடிக் கொத்தாகிவிடும். எந்தக் கண்ணுக்கும் தெரியாத நானோக் கொத்து. நகைத் தங்கம் போல மின்னாது. ஆனால் புற ஊதா விளக்கைக் காட்டினால் குழாய் முழுவதும் மாதுளைச் சாறு மாதிரி சிவந்து ஒளிரும். அந்தச் சிவப்பில் ரூட்டின் என்கிற தாவரச் சத்து பட்டால் ஒளி மங்கும். எவ்வளவு மங்குகிறதோ, அவ்வளவு ரூட்டின் இருக்கிறது என்று கணக்கு.

ரூட்டின் வேறெங்கோ இல்லை, வடக்கு மலையில் விளையும் கசப்பு பக்வீட் தானியத்திலேயே இருக்கிறது. அதை வறுத்துக் கொதிநீரில் போட்டுத் தேநீராகக் குடிப்பார்கள். ரத்தக் குழாய்க்கு நல்லது என்று தையுவான் நகரமே இப்போது அதைத் தேடிக் குடிக்கிறது. தேடிக் குடித்தால் போலியும் வரத்தானே செய்யும்? போலியைப் பிடிக்கத்தான் பெட்டி. தேநீரை ஒரு சொட்டு ஊற்றினால் உள்ளே இருக்கிற கேமரா சிவப்பை அளக்கும். பெட்டி வாயைத் திறந்து தரத்தைச் சொல்லும். இளம்பெண் குரலாக, இனிமையாக இருக்கட்டும் என்று பேராசிரியர் ஹௌ சொன்னதால், ஒரு மத்தியானம் வென்யினே மைக்கின் முன்னால் உட்கார்ந்து அதைப் பேசிக் கொடுத்திருந்தாள்.

"சந்தை மைதானத்துல உன் பொட்டியைக் கொண்டாந்து வச்சாங்க, ஊரே கூடியிருந்துச்சு," என்றாள் ஃபெங்லியான். "முதல்ல கருஞ்சிகரம் கம்பெனி டீயை ஊத்துனாங்க. கண்ணாடிக்குள்ள ஒண்ணுமே தெரியல, ஒரே இருட்டு. ஜனங்க 'ப்ச்'சுன்னாங்க. அப்புறம் என் டீ. புதுவருஷ விளக்கு மாதிரி செக்கச்செவேல்னு எரிஞ்சுது! ஊரே கைதட்டுச்சு. எம் மருமக என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. சிவப்புன்னா நல்லதுன்னுதானே நினைப்போம்? அப்பத்தான் உன் பொட்டி வாயைத் திறந்துச்சு. தேன் தடவின மாதிரி, 'தரமில்லை. இந்தத் தேநீரில் ரூட்டின் போதவில்லை. வாங்கியதற்கு நன்றி'ன்னு!"

பாங் நிங் களுக்கென்று சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிடியம்மா, சிரி. அன்னிக்குக் கைதட்டின அத்தனை பேரும் அப்படித்தான் சிரிச்சாங்க. இப்ப நான் பஸ்ஸுல ஏறினா 'போலி டீக்காரி வர்றா, தள்ளி உக்காரு'ங்கிறாங்க."

"பாருங்கக்கா," என்றாள் வென்யின், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க சரக்குல சத்து இல்லைன்னா பொட்டி என்ன பண்ணும்? காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரையா போட்டு உடைப்பீங்க?"

"காய்ச்சல் யாருக்குன்னு பார்க்கத்தான் வந்திருக்கேன். இன்னிக்கு மத்தியானம் இங்கே ஒப்பந்தக் கையெழுத்தாமே? எங்க மாவட்டத் துணைத் தலைவரம்மாவே வர்றாங்களாமே? அதுக்கப்புறம் உன் பொட்டி 'சரி'ன்னு சொன்னாத்தான் டீ மேல மாவட்ட முத்திரையாம். முத்திரை இல்லாத டீயை எந்தக் கடைக்காரன் தொடுவான்? நானும் என்கூட வறுக்கிற பொண்ணுங்களும் அடுப்பை அணைச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டுக்குப் போறதுகூடப் பரவாயில்லைடி. போலின்னு பேரு வாங்கிக்கிட்டுப் போகணும்!"

வென்யினுக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்தச் சிவப்புக்காக அவள் வசந்த விழாவுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். எத்தனை முட்டை உடைத்திருப்பாள்! மஞ்சள்கருவை எல்லாம் வீணாக்க மனமில்லாமல் பாங் நிங் தினமும் சாதத்தில் போட்டு வறுத்துத் தின்று, இனி மஞ்சள் நிறத்தையே பார்க்க மாட்டேன் என்று சபதம் எடுக்கும் அளவுக்கு உடைத்திருக்கிறாள். அப்படி உழைத்துச் செய்ததை, யாரோ ஒருத்தி செருப்புக் காலோடு வந்து பொய் என்கிறாள்.

"கொண்டாங்க," என்றாள்.

தரையில் சிதறியதிலிருந்தே ஒரு கைப்பிடியை அள்ளிக் கொடுத்தாள் ஃபெங்லியான். வென்யின் அதைக் கழுவிக் கொதிநீரில் போட்டு, நேரம் பார்த்து வடிகட்டி, ஒரு சொட்டைப் பெட்டியில் விட்டாள். உள்ளே சிவப்பு ஒளிர்ந்தது. கொஞ்சம் மங்கிய சிவப்புதான், ஆனாலும் சிவப்பு.

"தரமில்லை. இந்தத் தேநீரில் ரூட்டின் போதவில்லை. வாங்கியதற்கு நன்றி," என்றது வென்யினின் குரல்.

"பார்த்தீங்களா?"

"இப்ப அவங்க டீ."

அலமாரியில் கருஞ்சிகரத்தின் டப்பா இருந்தது. அதே அளவு, அதே கொதிநீர். கோப்பையில் இறங்கியது தேநீரா தாரா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் கறுப்பு.

"முன்னாடி அனுப்பின சாம்பிள் இவ்வளவு கறுப்பா இருந்த மாதிரி ஞாபகம் இல்லையே," என்றாள் பாங் நிங், எட்டிப் பார்த்து.

"நல்லா வறுத்திருப்பாங்க," என்றாள் வென்யின். பெட்டியில் சிவப்பு முழுவதுமாக அணைந்தது.

"முதல் தரம். உடலுக்கு உகந்தது. வாங்கியதற்கு நன்றி."

ஃபெங்லியான் அசையவில்லை. "பொட்டி உன் குரல்ல பேசுது. உன் பக்கம்தான் பேசும். வேற ஏதாவது இருக்கா, வாயில்லாததா?"

வாயில்லாதது ஒன்று இருந்தது. கூடத்தின் மூலையில் ஒரு சுவர் அகலத்துக்கு உட்கார்ந்திருந்த பெரிய இயந்திரம். எந்தத் திரவத்தைக் கொடுத்தாலும் அதில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எவ்வளவு என்று காட்டிவிடும். ஆனால் மெதுவாக, ஆயிரம் பிகு பண்ணிக்கொண்டுதான் காட்டும். அதனால் மாணவிகள் அதற்கு 'மாமனார்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மாமனார்கிட்ட போட்டுக் காட்டுறேன்," என்றாள் வென்யின். "அதுவும் இதையே சொன்னா வாயை மூடிக்கிட்டுக் கிளம்பணும்."

"மூட்டையை இங்கேயே விட்டுட்டு, எந்தச் சந்தையிலும் கடை போடாம போயிடுறேன். சரி, நீ பொய்யின்னா?"

"என் வாயாலேயே சொல்றேன். எல்லார் முன்னாலயும்."

கோபத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்ட வார்த்தை அது.

மாமனார் இரண்டு சாம்பிள்களையும் வாங்கிக்கொண்டு முனகத் தொடங்கியது. ஃபெங்லியான் தரையில் உட்கார்ந்து தானியத்தைக் கையாலேயே கூட்டி மூட்டைக்குள் அள்ளினாள். குளிர்ப்பெட்டியைத் திறந்த பாங் நிங்கைப் பார்த்து, "என்னடி இது, இவ்வளவு முட்டை? இங்கே ஆராய்ச்சி பண்றீங்களா, அடைகாக்குறீங்களா?" என்றாள்.

"அடைதான் காக்குறோம். பட்டம்தான் பொரிய மாட்டேங்குது," என்றாள் பாங் நிங்.

திரையில் முதல் கோடு ஊர்ந்து வந்தது. ஃபெங்லியானின் தேநீர். தட்டையாகப் போன கோடு, ரூட்டின் வரவேண்டிய இடத்துக்கு வந்ததும் கிடுகிடுவென்று மலையாக ஏறியது. பிறகு கருஞ்சிகரத்தின் கோடு. அதே இடத்தில் ஒரு சின்ன மேடு. கொசு கடித்த தடிப்பு மாதிரி, அவ்வளவுதான்.

வென்யின் மறுபடி ஓட்டினாள். மறுபடி மலை, மறுபடி கொசுக்கடி.

"மாமனார் என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டாள் ஃபெங்லியான்.

வென்யின் கறுப்புக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறு பொருள் குறுக்கிட்டு அளவைக் கெடுக்கலாம் என்று அவளுக்குத் தெரியாதா? போட்டுப் பார்க்காமலா விட்டாள்? உப்பைப் போட்டுப் பார்த்தாள். சர்க்கரை, வைட்டமின் சி, அமினோ அமிலம், எல்லாவற்றையும் போட்டாள். எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் எல்லாரும் போடுகிற அதே வரிசை. அத்தனையும் தண்ணீரில் கரைந்தால் தண்ணீர் மாதிரியே இருப்பவை. ஒன்றுக்காவது நிறம் உண்டா? ரூட்டின் பட்டால் சிவப்பு மங்கும், உண்மைதான். ஆனால் கறுப்புச் சாயம் விளக்கின் ஒளியை வழியிலேயே விழுங்கிவிடுமே! பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குச் சத்தும் தெரியாது, சாயமும் தெரியாது. இருட்டு மட்டும்தான் தெரியும்.

பாங் நிங்கின் மேஜையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சோயா சாஸ் புட்டி இருந்தது. வென்யின் அதில் ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து பெட்டிக்குக் கொடுத்தாள்.

"முதல் தரம். உடலுக்கு உகந்தது. வாங்கியதற்கு நன்றி."

ஃபெங்லியான் ஒரு நிமிடம் பெட்டியையே வெறித்தாள். பிறகு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க முகம் கன்றியது. "உங்க பட்டணத்து ஜனங்களைச் சோயா சாஸைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கடி! ரத்தக் குழாய் கும்முனு இருக்கும்!"

வென்யின் வரைபடங்களை அச்செடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்கு ஓடினாள்.

பேராசிரியர் ஹௌ மத்தியான விழாவுக்காக மை தேய்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர்கள் வந்தால் அவர்கள் கையால் தூரிகையில் நாலு வார்த்தை எழுத வைத்துச் சட்டம் போட்டு மாட்டுவது அவர் வழக்கம். அறைச் சுவர் முழுக்க அப்படிப்பட்ட சட்டங்கள்தான். இன்று துணைத் தலைவர் ரென் அம்மாவின் முறை. மைக்கல்லில் பளபளவென்று கறுப்பு மை தேங்கியிருந்தது.

அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வென்யின், சோயா சாஸ் எதுலேர்ந்து வருது? சோயாவிலேர்ந்து. சோயா ஒரு செடி. செடிச் சத்து இருக்கத்தானே செய்யும்?"

"சார், அது நிறத்துனால வர்றது. மாமனா... பெரிய மெஷின்ல போட்டுப் பார்த்துட்டேன். இந்தம்மா டீயிலதான் ரூட்டின் இருக்கு. கம்பெனி டீயில ஒண்ணுமே இல்ல."

"ஒரு மூட்டை, ஒரு சாம்பிள். இதை வச்சு ஒரு திட்டத்தை நிறுத்தச் சொல்றியா?"

"எந்த அளவுக்கு மங்கினா முதல் தரம்னு கோடு போட்டது நீங்கதானே சார்? எதை வச்சுப் போட்டீங்க?"

"சந்தையில இருக்கிற நல்ல சரக்கை வச்சு."

"எந்தச் சரக்கு?"

அவர் அவள் கையிலிருந்த தாளை வாங்கினார். பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். அவரோ அதைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் தூரிகையை வைத்து ஒரு கோடு இழுத்தார். மை சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். வரைபடத்தில் மலைக்கோடு இருந்த இடத்தில் பின்பக்கமிருந்து கறுப்பு ஊறிப் பரவியது.

"நல்லா ஓடுது," என்றார். "கையெழுத்து முடியட்டும். நிறத்துக்குத் திருத்தம் போடுறதைப் பத்தி அடுத்த வருஷம் ஒரு கட்டுரை எழுதலாம். உன் பேரையே முதல்ல போடுவோம்."

"அதுவரைக்கும் அந்தம்மா போலியா சார்?"

"உன் ஆய்வேட்டுல நான் இன்னும் கையெழுத்துப் போடல. ஞாபகம் இருக்கில்ல?" குரலைக்கூட உயர்த்தவில்லை அவர். "மூணு கோப்பை தயாரா வச்சிருக்கு. பொட்டியை நீதான் இயக்கணும். உன் குரல்தானே, பொருத்தமா இருக்கும். இந்த மைக்கல்லையும் தூரிகையையும் மேஜைக்கு எடுத்துட்டு வந்துடு. சிந்தாம."

வென்யின் மைக்கல்லைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

நடையில் மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தாள் ஃபெங்லியான்.

"என்ன சொல்றாரு உங்க முதலாளி?"

"கையெழுத்துக்கு அப்புறம் பார்க்கலாமாம்."

"எதுக்கு அப்புறம்? என் பேரு நாறிப் புழுத்ததுக்கு அப்புறமா?" எழுந்து நின்றாள். "நீ என்னடி சொன்னே? உன் வாயால சொல்றேன்னியே, எல்லார் முன்னாலயும்!"

வென்யின் தட்டைப் பார்த்தபடி நின்றாள். பட்டம், கையெழுத்து, ஊரில் அப்பா எல்லாரிடமும் 'எம் மக டாக்டராகப் போறா' என்று சொல்லிக்கொண்டு திரிவது. எல்லாம் அந்த மைக்குள் மிதந்தன.

"சொல்ல மாட்டே. தெரியும்." ஃபெங்லியான் துப்பாத குறையாகச் சொன்னாள். "பொட்டிக்குள்ள இருக்கிறப்ப மட்டும் உன் வாய் நல்லா வேலை செய்யுது."

கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது. வென்யின் தட்டோடு கூட்ட அறைக்குள் போனாள்.

அறையில் சிவப்புத் துணியில் பொன்னெழுத்துப் பதாகை தொங்கியது. நீள மேஜையில் ஆரஞ்சுப் பழங்கள், மூடி போட்ட வெந்நீர்க் கோப்பைகள். மாவட்ட டிவிக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார். நடு நாற்காலியில் ரென் அம்மா. குட்டை முடி, சாம்பல் நிறக் கோட்டு. எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடாத கண்கள். அவருக்கு வலப்பக்கம் கருஞ்சிகரத்தின் மேனேஜர் தாவ். புத்தம்புது கோட்டு. பேராசிரியர் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தயாராக இருந்த முகம்.

"இனி வடக்கு மலையில போலிக்கு இடமில்லை!" என்றார் பேராசிரியர். கைதட்டினார்கள். தாவ் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

வென்யின் பெட்டிக்குப் பின்னால் நின்றாள். முதல் கோப்பை, வெறும் தண்ணீர். பெட்டிக்குள் சிவப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. "தரமில்லை." இரண்டாவது, மலையில் யாரோ வறுத்த வெளிறிய தேநீர். ஃபெங்லியானுடையதாகவே இருக்கலாம். "தரமில்லை." மூன்றாவது, கருஞ்சிகரம். இருட்டு. "முதல் தரம். உடலுக்கு உகந்தது. வாங்கியதற்கு நன்றி."

தன் குரலைத் தானே கேட்கக் கேட்க வென்யினுக்குக் காது எரிந்தது. எவ்வளவு குழைகிறது அந்தக் குரல்! யாருடைய அடுப்பை அணைக்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு மரியாதையாக நன்றி சொல்கிறது!

ரென் அம்மா பேனாவின் மூடியைக் கழற்றினார். ஒப்பந்தத் தாள் அவர் முன்னால் நகர்ந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் வென்யின்.

பேராசிரியர் புருவத்தை உயர்த்தினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தூரிகையை எடுத்து மைக்கல்லில் தோய்த்தாள். மேஜையில் யாரும் தொடாமல் இருந்த ஒரு வெந்நீர்க் கோப்பையை இழுத்து, அதில் தூரிகையை ஆட்டினாள். தண்ணீரில் கறுப்புப் புகை மாதிரி சுருண்டு இறங்கியது. அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்துப் பெட்டியில் விட்டாள்.

இருட்டு.

"முதல் தரம்," என்றது பெட்டி, அதே தேன் குரலில். "உடலுக்கு உகந்தது. வாங்கியதற்கு நன்றி."

யாரும் கைதட்டவில்லை. கேமராக்காரர் மட்டும் ஓரடி முன்னால் வந்தார்.

"இது என்ன?" என்றார் ரென் அம்மா.

"நீங்க எழுதுறதுக்கு வச்சிருக்கிற மை," என்றாள் வென்யின். "இந்தப் பொட்டியைச் செஞ்சது நான். இதுக்குள்ள பேசுறதும் நான். அதனால நானே சொல்றேன், இது பொய். சத்து இருந்தாலும் சிவப்பு மங்கும், கறுப்புச் சாயம் இருந்தாலும் மங்கும். இதுக்கு வித்தியாசம் தெரியாது. சந்தையில போலின்னு சொன்ன டீயைப் பெரிய மெஷின்ல போட்டுப் பார்த்தேன். அதுலதான் சத்து இருக்கு. முதல் தரம்னு சொன்ன டீயில நிறம்தான் இருக்கு."

கதவு திறந்தது. ஃபெங்லியான் மூட்டையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். அவளை யாரும் தடுக்கவில்லை. ரென் அம்மா அவளையும் பார்த்தார், மூட்டையையும் பார்த்தார். பேனாவை மூடினார். அந்த 'க்ளிக்' சத்தம் அறை முழுவதும் கேட்டது.

"பேராசிரியர் ஹௌ. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் அழகாகச் சிரித்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க, அவசரம். நிறத்துக்குத் திருத்தம் போட வேண்டியது இந்தப் பொண்ணோட வேலை. மறந்துட்டா. தன் தப்பை மறைக்க இப்படி ஒரு நாடகம். நான் கண்டிக்கிறேன்."

"திருத்தம் போடாதது என் தப்புதான்," என்றாள் வென்யின். பேராசிரியர் அறையில் அடக்கி வைத்ததெல்லாம் இப்போது தொண்டைக்கு வந்துவிட்டது. "நான் நிறத்தைப் போட்டுப் பார்க்கல. ஆனா டீயில சாயத்தைக் கலந்தது நான் இல்ல. எவ்வளவு மங்கினா முதல் தரம்னு கோடு போட்டதும் நான் இல்ல. காலையில உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்க அந்தத் தாள்லயே மையைத் தடவிப் பார்த்தீங்க சார்!"

"அவ சொல்றது இருக்கட்டும்," என்றார் ரென் அம்மா, பேராசிரியரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த டீ ஏன் அவ்வளவு கறுப்பா இருக்கு?"

பேராசிரியரின் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. அவர் பார்வை மாணவியை விட்டு நகர்ந்து, மேஜையின் வலப்பக்கம் போய் நின்றது. முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார்.

"அப்படிச் சாயம் கலந்திருந்தா, அம்மா, அது பெரிய துரோகம். கருஞ்சிகரம் எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கு. நான் விஞ்ஞானி. அவங்க குடுத்த சரக்கை நம்பிட்டேன். எனக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் தாவின் முகத்தில் அதுவரை ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு உரிந்து விழுந்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்தார். ஆரஞ்சு ஒன்று உருண்டு தரையில் விழுந்து, ஃபெங்லியானின் மூட்டையில் முட்டி நின்றது.

"எப்படித் தெரியுமா? இந்த நிறம் பத்தல, பொட்டி ஏத்துக்காது, இன்னும் நல்லாக் கருக்க வைங்கன்னு எங்க பாக்டரிக்கே வந்து சொன்னது நீங்கதானே சார்!"